சீலிங்கை மூடும் முன்

சீனாவின் தென்கரையில் இருக்கும் மக்காவ் நகரில் நான் முதலில் கற்றுக்கொண்ட கான்டோனீஸ் சொல் 'லௌ சோய்'. தண்ணீர் ஒழுகுகிறது என்று அர்த்தம். வணக்கமும் நன்றியும் அப்புறம்தான் வாய்க்கு வந்தன. சைட்டில் யாராவது படியிறங்கி ஓடிவந்து அந்தச் சொல்லைச் சொன்னால், கையிலிருக்கும் டீயை வைத்துவிட்டு நாமும் ஓட வேண்டும். எந்த மாடி, எந்த அறை என்பதெல்லாம் ஓடிக்கொண்டே கேட்டுக்கொள்வதுதான்.

2014 முதல் 2018 வரை அங்கே இருந்தேன். கோத்தாய் பகுதியில் எழும்பிய இரண்டு பெரிய காசினோ ஹோட்டல்களில், விருந்தினர் அறைகளுக்கான ஏ.சி., பிளம்பிங், மின்சாரம் மூன்றையும் ஒருங்கிணைக்கும் வேலை எனக்கு. எந்த ஹோட்டல், எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இதை இப்போது எழுதக் காரணம், ராஸ் அல் கைமாவில் அமீரகத்தின் முதல் காசினோ விடுதி எழும்பிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் மரீனா பே சாண்ட்ஸின் நான்காவது கோபுரத்துக்கு 2025-ல் வேலை தொடங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் இந்த மாதிரி வேலைகளுக்கு நிறையப் போகிறார்கள். அபார்ட்மென்ட் கட்டியவனுக்கு ஹோட்டலில் என்ன புதிதாக இருந்துவிடும் என்ற நினைப்போடு போகிறார்கள். நானும் அந்த நினைப்போடுதான் போனேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மக்காவ் மொத்தமே முப்பத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். தைப்பா, கொலோவான் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் கோத்தாய். இரண்டு பெயர்களின் தலையையும் சேர்த்து வைத்த பெயர் அது. 1962-லிருந்து ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த சூதாட்ட உரிமையை 2002-ல் பிரித்துக் கொடுத்தார்கள். 2004-ல் முதல் அமெரிக்க காசினோ வந்தது. 2006-லேயே காசினோ வருமானத்தில் மக்காவ் லாஸ் வேகாஸின் பிரதான வீதியைத் தாண்டிவிட்டது. 2007-ல் வெனீஷியன் என்ற காசினோ ஹோட்டல் திறந்தபின் கோத்தாயில் கிரேன் இல்லாத வானத்தை யாரும் பார்த்ததில்லை. 2013-ல் காசினோக்களின் மொத்த வருமானம் 36,000 கோடி பட்டாக்கா, அதுதான் அந்த ஊர் நாணயம். அந்த உச்சத்தை நம்பிப் போட்ட திட்டங்களில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் சேர்ந்த சில வாரங்களிலேயே அந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. சீனாவில் ஊழல் ஒழிப்பு நடவடிக்கை தீவிரமானதும் பெரும்பணக்கார ஆட்டக்காரர்கள் வருவது குறைந்தது. 2015-ல் வருமானம் 23,000 கோடிப் பக்கம் வந்துவிட்டது. இது பேப்பரில் படிக்கும் செய்தி மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சரிவு டிராயிங் வழியாக நேரே எங்கள் மேஜைக்கு வந்தது. வி.ஐ.பி. ஆட்ட அறை என்று இருந்த இடம் ஒரு திங்கட்கிழமை காலையில் உணவகமாக மாறியிருந்தது. காகிதத்தில் பெயர் மாறினால் போதும் என்று வரைபவர் நினைக்கலாம். எங்களுக்கோ, உணவகம் என்றால் அடுப்புப் புகையை வெளியேற்றும் டக்ட் வேண்டும், அதற்குத் தீத்தடுப்பு வேண்டும், கழிவுநீரில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வேண்டும், கேஸ் லைன் வேண்டும். அந்த டக்ட் மேலே போக, மாடிகளின் ஊடே குழாய்கள் ஏறும் ஷாஃப்டில் இடமே இல்லை. ஏற்கெனவே முடித்த மூன்று மாடிகளின் குழாய்களை நகர்த்தித்தான் இடம் உண்டாக்கினோம்.

அப்போது கற்ற பாடத்தை இன்றும் விடாமல் பின்பற்றுகிறேன். ஒரு இடத்தின் பயன்பாடு மாறுகிறது என்று யாராவது வாயால் சொன்னால், அன்று மாலைக்குள் அதை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படம் எழுத்து ஆகாது. எண் போட்ட, தேதி போட்ட, கையெழுத்துள்ள உத்தரவு வேண்டும். பழைய வேலை எந்த அளவில் நின்றது என்பதற்குப் போட்டோவும் வேண்டும். முதல் புராஜெக்டில் நான் இதைச் செய்யவில்லை. கூடுதல் வேலைக்கான பணத்தில் பாதிக்கு மேல் கைக்கு வரவில்லை. எங்களுக்குக் கீழே இருந்த சின்ன சப் கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்குக் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தார். என் கவனக்குறைவுக்கு அவர் விலை கொடுத்தார் என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல், நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், பல ஊர்களில் ஹோட்டல் கட்டியவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். 2008 நவம்பரில் உலகப் பண நெருக்கடி வந்தபோது கோத்தாயில் ஒரு பெரிய கட்டுமானம் பாதியில் நின்றது. பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை இழந்த அந்த நாட்களில் அவரும் ஒருவராகப் பெட்டி கட்டியவர். பிறகு திரும்ப வந்தவர். என் முதல் வாரத்தில், இன்னும் வெற்று கான்கிரீட்டாக இருந்த ஒரு தாழ்வாரத்தில் நின்று மேலே காட்டிச் சொன்னார்: "தம்பி, இங்கன சீலிங் மூடுற வரைக்கும்தான் உன் ராஜ்ஜியம். மூடிட்டா அப்புறம் யாரும் தொறக்க விட மாட்டான். திறப்பு விழாத் தேதிய ஒரு நாள்கூட நகத்த மாட்டானுவ. அதனால மூடுறதுக்கு முன்னாடி எவன் என்ன கத்தினாலும் நின்னு பாத்துட்டுப் போ."

அன்று அது எனக்குப் புரியவில்லை. ஏழெட்டு மாதம் ஆயிற்று.

அறைகளைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கோபுரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். வீடு கட்டுபவர்கள் ஒரு தப்பு செய்தால் ஒரு வீட்டில் திருத்துவார்கள். ஹோட்டலில் ஒரு தப்பு அச்சில் வார்த்தது போல மாடிக்கு மாடி ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் மாக்அப் ரூம் என்று ஒன்றைக் கட்டுவார்கள். கட்டில், திரை, குளியலறைக் கண்ணாடி, தலையணை உறை வரைக்கும் உண்மையான அளவில் ஒரு மாதிரி அறை. முதலாளி தரப்பு வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தபின் அதுதான் வேதம்.

அந்த ஒப்புதல் நாளில் எல்லார் கண்ணும் கல்லின் நிறத்திலும் விளக்கின் ஒளியிலும்தான் இருந்தது. ஏ.சி. பெட்டி, அதாவது எஃப்.சி.யூ., நுழைவாசலுக்கு மேலே சீலிங்குக்குள் இருந்தது. அதற்குக் கீழே ஆள் கை நுழையும் அளவுக்கு ஒரு அக்செஸ் பேனல் வரைந்திருந்தோம். வடிவமைப்பாளருக்கு அந்தச் சதுரக் கோடு கண்ணை உறுத்தியது. ஓரமாக, விளக்குப் பள்ளத்துக்குப் பின்னால் தள்ளச் சொன்னார். தள்ளினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேனலைத் திறந்து ஃபில்டரை உருவிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்து.

நானூறு அறைகளுக்குச் சீலிங் மூடிய பிறகு, ஹோட்டலின் பராமரிப்புக் குழு வந்து சேர்ந்தது. திறப்புக்கு முன்பே வேலையில் சேர்ந்து இடத்தைக் கற்றுக்கொள்ளும் குழு அது. அதில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், மெலிந்த மனிதர், ஏணியில் ஏறிப் பேனலைத் திறந்தார். ஃபில்டரை இழுத்தார். பாதி வந்து விளக்குப் பள்ளத்தின் இரும்புச் சட்டத்தில் இடித்து நின்றது. வளைத்துப் பார்த்தார். கையை இன்னும் உள்ளே விட்டு, சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டை, அதாவது டிரெயின் பேனை, விரலால் தொட முயன்றார், முழங்கையோடு நின்றுவிட்டது. இறங்கி வந்து என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்: இதை நான் மாதாமாதம் எப்படிச் சுத்தம் செய்வேன்? அவர் முழங்கையில் ஜிப்சம் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த முழங்கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நானூறு அறைகளிலும் சீலிங்கை வெட்டினோம். வெட்டி, சட்டத்தை மாற்றி, மறுபடி பூசி, மறுபடி பெயின்ட். இரவு ஷிஃப்டில் ஆறு வாரம்.

அதனால் என் பேச்சைக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது, மாக்அப் ரூமில் ஒப்புதல் கேட்கும் முன் அங்கே பராமரிப்பு ஆள் ஒருவரைக் கூட்டிவந்து ஏணியில் ஏற்றிவிடுங்கள். ஃபில்டரை உருவட்டும், வால்வை மூடட்டும், மோட்டாரைக் கழற்றி மாட்டட்டும். அப்புறம் ஒரு இரவு அங்கேயே படுத்துத் தூங்குங்கள். நான் இரண்டாவது புராஜெக்டில் படுத்தேன். விளக்கை அணைத்த பிறகுதான், மூடிய திரைக்கு மேலே ஏ.சி. காற்று அடித்து, திரையின் கொக்கி டிக் டிக் என்று ஆடும் சத்தம் கேட்டது. பகலில் பத்துப் பேர் பேசிக்கொண்டு நிற்கும்போது அது யார் காதிலும் விழாது. காற்றுத் துவாரத்தின் இதழைக் கொஞ்சம் திருப்பினோம், நின்றுவிட்டது. ஆயிரம் அறைகளில் திருப்பும் வேலை மிச்சம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஏ.சி. ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டும். அது டிரெயின் பேனில் விழுந்து குழாய் வழியே போக வேண்டும். அந்தக் குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கிலாவது சரிவு வேண்டும். டிராயிங்கில் சரிவு இருக்கும். சைட்டில் அந்தக் குழாய் மேல் யாராவது கேபிளைக் கட்டித் தொங்கவிட்டால் சரிவு போய்விடும். கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லும் பழக்கத்தை நான் கைவிட்டேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு லிட்டர் பாட்டில். ஏணியில் ஏறிப் பேனில் ஊற்று, அந்தப் பக்கம் வருகிறதா என்று பார், எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று சுவரில் எழுது. வடிந்தால் பச்சை டிக். இல்லாவிட்டால் சிவப்புப் பெருக்கல். என் மொழி தெரியாத சீனத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் மொழி தெரியாத எனக்கும் அந்த இரண்டு நிறமே போதுமாக இருந்தது. குளியலறைக்கும் அப்படித்தான். இருபத்து நான்கு மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தாமல் டைல்ஸ்காரரை உள்ளே விடக் கூடாது. அவசரம் என்று எட்டு மணி நேரத்தில் வடிக்கச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அந்த ஊரின் வசந்த காலத்தில் இருக்கிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசும். குளிர்ந்து கிடக்கும் சுவரெல்லாம் வியர்க்கும். தரை கழுவிவிட்டது போல இருக்கும். வாடகை வீட்டில் என் தோல் பெல்ட்டில் பூஞ்சை பூத்தது. அப்படியொரு மார்ச் மாதத்தில், அறைகளில் கார்ப்பெட் பசை நாற்றம் போகட்டும் என்று தாழ்வாரக் கதவுகளையும் ஹாய்ஸ்ட், அதாவது ஆளையும் பொருளையும் ஏற்றும் தற்காலிக லிஃப்ட், பக்கத்துத் திறப்பையும் யாரோ திறந்து வைத்துவிட்டார்கள். அதே நாளில் குளிர்நீர்க் குழாய்களைச் சோதனைக்கு ஓட்டினார்கள். உள்ளே ஏழு டிகிரியில் தண்ணீர், வெளியே பிழியலாம் போன்ற காற்று. இன்சுலேஷனில் விரல்நுனி அளவு இடைவெளி இருந்த இடமெல்லாம் சொட்டத் தொடங்கியது. மறுநாள் காலை இரண்டு மாடிகளின் சீலிங்கில் பழுப்பு வட்டங்கள். ஒரு வாரத்தில் விலை உயர்ந்த வால்பேப்பருக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். உரித்து எடுத்ததைப் பார்த்து அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிச் சுவர் முழுதும் மூடி முடியாத மாடியில் குளிர்நீரை ஓட்டாதீர்கள். முதலில் ஈரம் உலர்த்திய வெளிக்காற்றை உள்ளே தள்ளி மாடியை நிரப்ப வேண்டும். அறைக்குள்ளிருந்து காற்று வெளியே தள்ளும் நிலை வந்தபின்தான் குளிரூட்டத் தொடங்க வேண்டும். கதவுகளுக்குப் பூட்டுப் போட்டு, சாவி ஒரே ஆளிடம் இருக்கட்டும். ஈரப்பதமான கடற்கரை ஊர் எதுவாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மாடி எண் என்று ஒரு சிக்கலும் அங்கே உண்டு. கான்டோனீஸில் நான்கு என்பதும் சாவு என்பதும் கேட்க ஏறக்குறைய ஒரே ஒலி. அதனால் விருந்தினருக்கான எண்ணில் நான்கு வரும் மாடியே இருக்காது. எங்கள் கட்டடத்தில் நான்கும் பதிமூன்றும் பதினான்கும் கிடையாது. கட்டுமானக் கணக்கில் பன்னிரண்டாவது மாடி, லிஃப்டில் பதினைந்து. டிராயிங்கில் ஒரு எண், பொருள் அனுப்பும் கம்பெனியின் பெட்டியில் இன்னொரு எண். ஒரு மாடிக்கான வாஷ்பேசின் முழுக்கத் தப்பான மாடியில் இறங்கிவிட்டது. அது திரும்ப இறங்க ஹாய்ஸ்டில் நேரம் கிடைக்க மூன்று நாள் காத்திருந்தோம். உயரமான கட்டடத்தில் ஹாய்ஸ்ட்தான் எஜமான். விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு அரைமணி நேரம் கிடைத்தால் அதைப் பொன்போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மாடியின் லிஃப்ட் வாசலிலும் இரண்டு எண்ணையும் ஆள் உயரத்துக்கு எழுதிவைத்தோம், கட்டுமான எண் நீலத்தில், விருந்தினர் எண் சிவப்பில்.

காசினோ தளத்தில் எனக்கு வேலை குறைவு. ஆனால் அங்கேதான் இந்தத் தொழிலின் அடிப்படை புரிந்தது. அந்தத் தளம் திறந்த நிமிடத்திலிருந்து மூடுவதே இல்லை. இரவு, பகல், பண்டிகை எதுவும் கிடையாது. ஒவ்வொரு மேஜைக்கும் மேலே கேமரா. சீலிங்கில் கை வைக்கக்கூடக் கண்காணிப்பு அறைக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அலுவலகக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை நிறுத்திவிட்டு வால்வு மாற்றலாம். இங்கே அந்த ஞாயிற்றுக்கிழமை வராது. அதனால் ஒவ்வொரு கிளைக் குழாயிலும் தனித்தனியே மூடும் வால்வு இருக்கிறதா, அது உண்மையில் முழுக்க மூடுகிறதா என்று திறப்புக்கு முன்பே ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை அதிகம்தான். எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டாவது புராஜெக்டில் அந்த ஒன்பது நாளை நான் சண்டை போட்டு வாங்கினேன். முதல் புராஜெக்டில் எனக்கு அந்தத் துணிச்சல் இருக்கவில்லை.

சம்பளம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மக்காவில் காசினோக்களின் பஸ்கள் எல்லைக்கும் படகுத்துறைக்கும் இலவசமாக ஓடும். சைட் ஆட்கள் வீடு திரும்ப அவற்றைத்தான் பிடிப்பார்கள். பஸ் நிற்குமிடத்துக்குப் போகும் வழி ஆட்டத் தளத்தின் ஓரமாகப் போகும். என்னோடு அறை எடுத்திருந்த ஒரு நண்பர், நல்ல எலெக்ட்ரீஷியன், தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பதினான்கு மாதப் பணத்தை இரண்டு மாதத்தில் அங்கே விட்டார். கோபமாக இல்லை, அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது; சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து போவார். அந்தக் கட்டடங்களைக் கட்டியதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தத் தளத்தைப் பற்றி நினைத்தால் மனசு கனக்கவும் செய்கிறது. போகிறவர்கள் சம்பளம் வந்த அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக நடந்தாலும் பரவாயில்லை, அரசுப் பேருந்தில் போங்கள். உங்கள் நீல அட்டை, அதாவது வேலை அனுமதி, உங்கள் முதலாளியோடு கட்டப்பட்டது. கையில் பணம் இல்லாதபோது வேலையும் பிடிக்காமல் போனால் திரும்ப வழி இருக்காது.

2017 ஆகஸ்ட் 23-ல் ஹாத்தோ புயல் வந்தது. பத்தாம் எண் எச்சரிக்கை, அங்கே அதுதான் உச்சம். பத்துப் பேர் இறந்தார்கள், சிலர் தரைக்கடியிலிருந்த கார் நிறுத்தங்களில் தண்ணீர் புகுந்து. மின்சாரம் பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலுள்ள சீன நகரமான சூஹாயிலிருந்து வருவது. அது நின்றதும் ஊரே நின்றது. தைப்பாவில் ஒன்பதாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு மோட்டார் ஓடாமல் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு நாள் வாளியில் தூக்கினோம். படியேறும்போதெல்லாம் சைட்டைப் பற்றித்தான் யோசனை. எங்கள் ஜெனரேட்டர்கள் மேல்தளத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்ப் எங்கே? அதன் மின்பெட்டி எங்கே? போய்ப் பார்த்தால், இரண்டுமே அடித்தளத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். அந்தத் தடவை அங்கே தண்ணீர் வரவில்லை. அடுத்த மாதமே மின்பெட்டியை மேலே ஏற்றினோம், பம்பைச் சுற்றி இடுப்புயரச் சுவரும் கட்டினோம். ஜெனரேட்டர் ஒரு முறை ஓடிக் காட்டினால் போதாது. அது மூன்று நாள் ஓட எதெதுவெல்லாம் வேண்டுமோ அவற்றைக் குழாய் பிடித்துக்கொண்டே நடந்து பார்க்க வேண்டும்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். 2020 பிப்ரவரியில் கொரோனாவுக்காக மக்காவின் காசினோக்கள் எல்லாவற்றையும் பதினைந்து நாள் மூடினார்கள். அந்த வாரத்தில் ஒரு இரவு, நான் வேலை பார்த்த முதல் ஹோட்டலிலிருந்து அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் போனில் வந்தார். காசினோ தளத்தின் குளிர்நீர்க் கிளையில் ஒரு வால்வு திறப்பு நாளிலிருந்தே முழுக்க மூடாமல் இருந்ததாம். அது என் காலத்து வால்வு, நான் திருகிப் பார்க்காமல் விட்டவற்றில் ஒன்று. அத்தனை வருடமும் அதற்குக் கீழே ஒரு தட்டு வைத்து, ஷிஃப்டுக்கு ஒரு முறை தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போதுதான் நிறுத்தி மாற்ற முடிந்தது என்று சொல்லி, கழற்றிய வால்வின் போட்டோவை அனுப்பினார். மூடும்போது வால்வு பொருந்தி உட்காரும் விளிம்பில் ஒரு துண்டு வெல்டிங் கசடு, அரிசி அளவுக்கு, ஒட்டிக்கொண்டிருந்தது.